அறுபதுக்குப் பிறகும் வேலை

(மூத்தோர் நலக் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



ஓய்வு பெற்றவர்கள் வேலைக்குப் போகலாமா கூடாதா என்று பேசச் சொன்னார்கள். பேசும் தகுதி எனக்கு முழுதாக வரவில்லை. ஐம்பதைத் தாண்டிவிட்டேன், அறுபதைத் தொடவில்லை. ஆனாலும் நம் அலுவலகத்தில் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக மனு வாங்குகிறவன் என்ற முறையில் பார்த்ததைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு பெரியவர் ஒரே மாதத்தில் மூன்று முறை அலுவலகத்துக்கு வந்தார். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியம் வருகிறது, சொந்த வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருவரும் வெளியூரில் நல்ல நிலையில் இருக்கிறார்கள். முதல் முறை வந்தபோது ஏதோ கடன் தேவை போலிருக்கிறது, சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். இரண்டாம் முறை, “இன்னும் என்னங்க, உம்ரா போய்ட்டு வாங்க, பேரப்பிள்ளைகளோட இருங்க” என்று உபதேசம் செய்து அனுப்பினேன். மூன்றாம் முறை அவரே சொல்லிவிட்டார். “செயலாளர் பாய், நான் காசுக்கு வரல. ஃபஜ்ர் தொழுதுட்டு வீட்டுக்கு வந்தா, லுஹர் வரைக்கும் எங்க போறதுன்னு தெரியல. என்னை யாரும் எதுக்கும் கேக்கறதில்ல.”

கடைசியில் சொன்னாரே, அதைக் கேட்டதும் எனக்கு என் அத்தா ஞாபகம் வந்துவிட்டது.

என் அத்தா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் தச்சு வேலை செய்தவர். கை நடுங்க ஆரம்பித்ததும் வேலையை விட்டார். விட்ட பிறகும் தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போவார். ஒரு பலகை மேல் உட்கார்ந்துகொண்டு, பையன்கள் அளவெடுப்பதைப் பார்த்து, “அது சரியில்ல, இன்னொரு தடவை பிடி” என்பார். பட்டறைக்காரர் நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுப்பார். பிறகு அந்தப் பட்டறை ஊருக்கு வெளியே புறவழிச்சாலைக்கு மாறியது. அத்தாவால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. ஆறே மாதத்தில் பேச்சு குறைந்தது. சாப்பாடு குறைந்தது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் எல்லோரும் வயசாகிவிட்டது என்று நினைத்தோம். அப்போது நான் கல்லூரியும் முடித்திருந்தேன், மதரஸாவிலும் ஓதியிருந்தேன். இரண்டும் படித்தும் எனக்கு அது நோய் என்று தெரியவில்லை. அவரை மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கலாம். பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு ஸ்டூல் செய்யக் கற்றுக்கொடுங்கள் என்றாவது கேட்டிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஓய்வு என்றால் நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது அரசு வேலை. தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது நெடுங்காலம் 58. 2020 மே மாதம் கொரோனா நேரத்தில் 59 ஆக்கினார்கள். 2021 பிப்ரவரியில் 60 ஆனது. அன்று பெரியவர்கள் சந்தோஷப்பட்டார்கள், வேலைக்குத் தேர்வு எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் கோபப்பட்டார்கள். எங்கள் வீட்டிலேயே ஒருவன் தேர்வாணையத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அரசாணை போட்டவன் நானா?

ஆனால் இந்த 58, 60 எல்லாம் நம் மக்களில் எத்தனை பேருக்குப் பொருந்தும்? நாமக்கல்லில் லாரித் தொழில், பாடி கட்டுவது, கோழிப்பண்ணை. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறி. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி. சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டையில் கடை, மண்டியில் சுமை. இதில் யாருக்கு வழியனுப்பு விழா நடக்கிறது? யாருக்குச் சால்வை போடுகிறார்கள்? கண் மங்கினால் கொலுசுக்காரர் நிற்கிறார். முட்டி தேய்ந்தால் தறிக்காரர் நிற்கிறார். லாரி ஓட்டுநர் கனரக உரிமத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சான்றோடு புதுப்பிக்க வேண்டும். அந்தச் சான்று கிடைக்காத நாள்தான் அவருக்கு ஓய்வு நாள். நிற்பவர்களில் பலருக்குக் கையில் எதுவும் இல்லை. வருங்கால வைப்பு நிதிக்காரர்களுக்குக் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-லிருந்து 1,000 ரூபாய். மாநில அரசின் முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ஆனது. இந்தப் பணத்தில் சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை வாங்கினால் மீதி எவ்வளவு என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, அறுபதுக்குப் பிறகு வேலை செய்பவர்கள் இரண்டு வகை. மனசுக்காகச் செய்பவர் ஒருவர், வயிற்றுக்காகச் செய்பவர் ஒருவர். நாம் இருவரையும் ஒரே தராசில் வைத்து, “உழைத்தால் ஆரோக்கியம், சும்மா இருந்தால் நோய்” என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். நானும் மேடையில் அப்படிச் சொன்னவன்தான். இப்போது சொல்ல வாய் வரவில்லை.

வெளிநாடுகளில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டை மட்டும் சொல்கிறேன். பிரான்சு நாட்டின் மின்சார, எரிவாயு நிறுவன ஊழியர்கள் 14,000-க்கும் மேற்பட்டவர்களை ஓய்வுக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே தொடர்ந்து கவனித்து, 2009-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஓய்வுக்கு முன் ஆண்டுக்காண்டு “என் உடம்பு சரியில்லை” என்றவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். ஓய்வு பெற்றதும் அந்த எண்ணிக்கை சட்டென்று இறங்கியது. எட்டுப் பத்து வயது குறைந்தது போன்ற முன்னேற்றம் என்கிறார்கள். ஆனால் வேலை நிலைமை நன்றாக இருந்து, மனநிறைவோடு வேலை பார்த்தவர்களிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. கடினமான வேலையில் இருந்தவர்களுக்கு ஓய்வே மருந்தாக இருந்திருக்கிறது.

இன்னொன்று இங்கிலாந்து அரசு ஊழியர்களிடம் நடந்த ஆய்வு. 1985-ல் தொடங்கி இன்னும் நடக்கிறது. அதில் ஓய்வு பெற்ற 3,400-க்கும் மேற்பட்டவர்களின் நினைவாற்றலைப் பார்த்து 2018-ல் எழுதினார்கள். சொற்களை நினைவில் வைக்கும் திறன், வேலையில் இருந்தபோது குறைந்த வேகத்தைவிட ஓய்வுக்குப் பிறகு 38 சதவீதம் வேகமாகக் குறைந்திருக்கிறது. மற்றச் சிந்தனைத் திறன்களில் அப்படி இல்லை. நாலு பேரோடு பேசி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, கணக்குச் சொல்லி வாழ்ந்தவர் திடீரென்று நான்கு சுவருக்குள் உட்கார்ந்தால் சொல் மறக்காமல் என்ன செய்யும்? இது என் விளக்கம், ஆய்வாளர்கள் தலையில் போட வேண்டாம்.

ஒன்று ஓய்வு நல்லது என்கிறது, மற்றொன்று கவனம் என்கிறது. எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. மண்டியில் மூட்டை தூக்கியவருக்கு ஒன்று, மேசையில் பேரேடு எழுதியவருக்கு மற்றொன்று.

இனி நம் வீட்டுக் குற்றத்தைச் சொல்ல வேண்டும். நிர்வாகக் குழுவில் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன்.

நம் திருமண மண்டபத்துக்கு இரவுக் காவலராக ஒரு பெரியவரை வைத்தோம். வயது 68. பள்ளிபாளையத்தில் நாற்பது வருடம் தறி ஓட்டியவர். இரவு எட்டு மணியிலிருந்து காலை ஆறு மணி வரை வேலை, வாரத்தில் ஒரு நாளும் விடுப்பில்லை, மாதம் 7,000 ரூபாய். “முதியவருக்கு வாழ்வளித்தோம்” என்று இதே மடலில் படத்தோடு போட்டோம். நான்தான் எழுதினேன். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து மண்டபத்தில் மருத்துவ முகாம் நடந்தது. ஆள் குறைவாக இருக்கிறது என்று அவரையும் வரிசையில் நிற்கச் சொன்னேன். ரத்த அழுத்தம் 180-க்கு 110. முகாமுக்கு வந்த மருத்துவர் அவரிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே போனார். பகலில் வீட்டில் தகரக் கூரை, சூடு, பேரன் பேத்திகள் சத்தம், தூங்க முடிவதில்லை. ராத்திரி கண்ணை மூடினால் யாராவது வந்து பார்த்துவிடுவார்களோ என்று பயம். நெஞ்சு படபடக்கிறது, சில நாள் அழுகை வருகிறது என்றார். மருத்துவர் என் பக்கம் திரும்பி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

“ஏன் எங்ககிட்ட சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னா வேலைய எடுத்துருவீங்கன்னு பயந்துட்டேன் தம்பி” என்றார்.

அவருக்கு வேலை வேண்டும். வேலையை நிறுத்தி மாதாமாதம் உதவித்தொகை தருகிறோம் என்றபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். “நான் இன்னும் கைய நீட்ற நெலமைக்கு வரலங்க” என்றார். குழுவில் ஒரு உறுப்பினர் நல்லெண்ணத்தோடுதான் ஒரு யோசனை சொன்னார்: சம்பளத்தை ஜகாத் நிதியிலிருந்து கூட்டிக் கொடுத்துவிடலாம் என்று. ஓதியவன் என்ற முறையில் அதில் மட்டும் பிடிவாதமாக நின்றேன். கூலி என்பது நாம் அவருக்குப் பட்ட கடன். கடனை ஜகாத்தில் கழிக்க முடியாது. அது மார்க்கச் சட்டம். அதோடு, தான் வாங்குவது சம்பளமா தர்மமா என்று அவர் மனசுக்குள் ஒரு சந்தேகத்தை விதைப்பதும் சரியில்லை.

கடைசியில் இப்படிச் செய்தோம். இரவுக்கு நாற்பது வயதுக்காரர் ஒருவரை 9,000 ரூபாய்க்குப் போட்டோம். பெரியவருக்குக் காலை ஏழிலிருந்து ஒரு மணி வரை, அதே 7,000, வெள்ளிக்கிழமை விடுப்பு. மாதத்துக்கு ஏழெட்டு விசேஷம் நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வாடகையில் ஆயிரம் ரூபாய் ஏற்றினோம், மீதி கடை வாடகையில் சரிக்கட்டினோம். வாடகை ஏறியதற்கு என்னை வைதவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். காரணம் இப்போது தெரிந்திருக்கும். பெரியவர் இப்போது வேப்பங்கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிறார், பந்தல்காரர்களோடு சண்டை போடுகிறார், இரவில் தூங்குகிறார். மாத்திரை இன்னும் சாப்பிடுகிறார். அதை நிறுத்தக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

அந்த ஒரு வருடத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.

முதலில் சொன்ன கண்காணிப்பாளரை மறந்துவிடவில்லை. செவ்வாய், வியாழன் இரண்டு நாள் மனு எழுதும் மேசையில் உட்காரச் சொன்னோம். முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை, உலமாக்கள் நல வாரிய அட்டை, பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை எல்லாம் அவர் கையில். எந்த மனு எந்த மேசையில் தூங்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு நம் ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் சிலர் தங்கள் பழைய நாற்காலியையும் கூடவே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கணினியில் பதிவேற்றும் பையனை, “என் ஆபீஸ்ல இருந்தா உனக்கு மெமோ கொடுத்திருப்பேன்” என்று அதட்டினார். பையன் வேலையை விட்டான். பையனைத் திரும்ப அழைத்து வந்தால் இவர் கோபித்துக்கொண்டு போனார். பத்து நாள் கழித்து ஒன்றும் நடக்காதது போல வந்து உட்கார்ந்தார். இப்போது பையன் இவருக்குக் கைப்பேசியில் படிவம் நிரப்பக் கற்றுக்கொடுக்கிறான். அவர் வீட்டுக்கார அம்மா என் மனைவியிடம் சொன்னாராம்: “இப்பதான் குழம்புல உப்பு பத்தலன்னு காலைல பத்து மணிக்கே சமையல்கட்டுக்கு வராம இருக்கார்.”

பெரியவர்களின் கதை என்றால் அப்துல் கலாம் அவர்களைச் சொல்லாமல் கூட்டம் முடியாது. 2001 நவம்பரில் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் பொறுப்பைத் துறந்து, அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். அப்போது வயது 70. அங்கிருந்துதான் 2002-ல் குடியரசுத் தலைவர் ஆனார். 2007-ல் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடியும் மாணவர்களிடமே போனார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருந்தபோதே சரிந்தார். நாகூரில் பிறந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயில் இன்னொருவர். சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர். 1981-ல் கேரளத்துக்கு மாற்றியபோது பதவியை விட்டார். அதன்பின் 2005 வரை வாழ்ந்தார், கம்பனைப் பற்றிப் பேசினார், எழுதினார், சென்னைக் கம்பன் கழகத்தை நடத்தினார். நீதிபதிக் கோட்டைக் கழற்றிய பிறகும் அவரைத் தேடி ஆள் வந்துகொண்டே இருந்தது. இவர்களைப் போல இருங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இவர்கள் இருவருக்கும் விருப்பமான வேலை கிடைத்தது, போன இடத்தில் மரியாதை கிடைத்தது. நம் காவலருக்கு முதலில் இரண்டும் கிடைக்கவில்லை.

திரைக்கு அப்பால் இருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு ஓய்வு வயது என்று எந்த அரசும் ஆணை போட்டதில்லை. கணவர் ஓய்வு பெற்றால் உங்களுக்கு வேலை கூடுகிறது. மகள் பிரசவம், மருமகள் வேலைக்குப் போனால் பேரப்பிள்ளை, இடையில் வீட்டில் உட்கார்ந்து தறிக்குத் தார் சுற்றுவது. முதுகு வலிக்கிறது என்று சொன்னால், “சும்மா வீட்லதானே இருக்கீங்க” என்று பதில் வருகிறது. நம் அலுவலகத்துக்கு வரும் பெண்களில் 60 வயதைத் தாண்டிய பலர் கேட்பது வேலை இல்லை, இரண்டு மணி நேரம் யாராவது பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்களா என்பதுதான். இதற்கு இன்னும் நம்மிடம் வழி இல்லை. மக்தப் நடக்கும் நேரத்தில் சின்னப் பிள்ளைகளையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியுமா என்று ஹஜ்ரத்திடம் கேட்டிருக்கிறேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பேசிக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளைகளிடமும் ஒன்று. “அத்தா வேலைக்குப் போனா எங்களுக்குத்தான் அசிங்கம்” என்று, போக விரும்புகிறவரைத் தடுக்காதீர்கள். முடியாதவரை “சும்மாதானே இருக்கீங்க” என்று அனுப்பவும் செய்யாதீர்கள். பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள் மீது 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கொடுக்க உத்தரவிட அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. அந்த மனுவையும் நம் கண்காணிப்பாளர் எழுதித் தருவார். எழுத வேண்டி வரக் கூடாது என்று துஆ செய்கிறோம்.

மனநோய் என்றால் ஈமான் குறைவு என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். என் அத்தா ஐந்து வேளையும் தொழுதவர். இந்திய அரசு 2017-18-ல் நடத்திய பெரிய முதுமை ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் 8.3 சதவீதத்தினருக்கு மருத்துவம் தேவைப்படும் அளவு மனச்சோர்வு இருக்கலாம் என்று தெரிந்தது. பன்னிரண்டு பேரில் ஒருவர். இங்கே முன்வரிசையில் பன்னிரண்டு நாற்காலி போட்டிருக்கிறோம், எண்ணிப் பாருங்கள். தூக்கம் கெட்டால், சாப்பாடு குறைந்தால், பள்ளிக்கு வருவதையே ஒருவர் நிறுத்திவிட்டால், இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால், வயசு என்று விடாதீர்கள். நாமக்கல்லிலும் சேலத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசம். முதியோர் உதவி எண் 14567. கூட வர ஆள் இல்லையென்றால் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள், ஒருவரை அனுப்புகிறோம்.

கடைசியாக, நாம் தொடங்கப் போகும் காரியம். ஜப்பானில் 1975-ல் டோக்கியோவில் முதியோருக்கான வேலைக் குழு ஒன்றை ஆரம்பித்தார்கள். 1980-லிருந்து அரசு உதவியோடு நாடெங்கும் பரவியது. வெள்ளி மனிதவள மையம் என்று பெயர். வெள்ளி என்றதும் சேலத்துக்காரர்கள் கொலுசை நினைக்க வேண்டாம், நரைத்த தலையைச் சொல்கிறார்கள். முழுநேர வேலை கிடையாது. மாதத்துக்குப் பத்து நாள் அளவில், இல்லையென்றால் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்குள். தோட்டம் சீர்செய்வது, சைக்கிள் நிறுத்தம் பார்ப்பது, சின்னப் பழுது நீக்குவது என்று கையில் இருக்கும் வேலையைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

நம் ஊரில் கடைகளுக்கு மாலையில் கணக்கு எழுத ஆள் தேவை. பள்ளி வேன்களில் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஆள் தேவை. பத்தாம் வகுப்புக் கணக்குக்கு ஆள் தேவை. மர வேலை கற்றுக்கொடுக்கவும் ஆள் தேவை. இரவு வேலை, சுமை வேலை இரண்டையும் நாம் வாங்கித் தருவதில்லை என்று குழுவில் முடிவு செய்திருக்கிறோம். எந்த முதலாளி கேட்டாலும் சரி.

வாசலில் மேசை போட்டு இரண்டு நோட்டு வைத்திருக்கிறோம், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. அஸர் வரை இருக்கும். பெயர், வயது, தெரிந்த வேலை, முடிகிற நேரம் என்று கட்டம் போட்டிருக்கிறது. கடைசிக் கட்டத்தில் “எது முடியாது” என்று இருக்கும். போன வாரம் ஒத்திகையாக எழுதிய ஏழு பேரும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள். இன்றைக்கு அதையும் எழுதிவிட்டுப் போங்கள். சரியாகப் பார்க்க முடியாதவர்களுக்கு மேசையில் கண்காணிப்பாளர் உட்கார்ந்திருக்கிறார், சொன்னால் எழுதிக்கொள்வார். கொஞ்சம் அதட்டுவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.